ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர்: கூடுவாஞ்சேரி மனையா, திருநின்றவூர் ஃபிளாட்டா?

கோடம்பாக்கத்தில் மாதம் 22,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை. இவருக்குச் சிறுசேரி சிப்காட்டில். வாரம் நாலு நாள் அலுவலகம் போக வேண்டும். நாலு வயதில் ஒரு மகள், மூட்டு வலியுள்ள மாமியார். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்துச் சம்பளம் 92,000. கையிருப்பு 14 லட்சம். வாடகைக்குக் கொட்டுவது போதும், புறநகரில் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்து இரண்டு இடங்களைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்று, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே 1,200 சதுர அடி மனை. சதுர அடி 2,600 ரூபாய், மொத்தம் 31.2 லட்சம். 2019-ல் பிரித்த மனைகள், 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்கிறார் புரோக்கர். நில உரிமையாளரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர்தான் விற்கிறார். 'பத்திரத்தில் சென்ட் கணக்கில் எழுதிக்கொள்வோம், அப்ரூவலைப் பிறகு எல்.ஆர்.எஸ். கட்டி வாங்கிவிடலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஒரு லட்சம் டோக்கன் கொடுத்துவிட்டார். கையில் இருப்பது 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு பக்க ஒப்பந்தம். இன்னொன்று, திருநின்றவூரில் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட். விலை 44 லட்சம், கார் நிறுத்துமிடம் தனியாக 2 லட்சம். 'சென்ட்ரலுக்கு 45 நிமிடம்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது.

எது நல்லது, பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையுமா, வங்கி கடன் தரச் சம்மதித்தால் பத்திரம் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா, டோக்கன் பணம் திரும்பி வருமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

மூன்று பக்கக் கடிதத்தில் உங்கள் கணவரின் ரயில் பயணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் பயணத்துக்கு ஒரே வரி: 'நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்.' அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

திருநின்றவூரிலிருந்து சிறுசேரிக்கு வெளிவட்டச் சாலையில் வண்டலூர் வந்து, கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, பிறகு பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் ஏற வேண்டும். ஒரு வழிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் என்றால் சென்ட்ரல், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு பஸ். வாரம் நாலு நாள், நாலு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு இது சமாளிக்கும் விஷயமில்லை. ஓராண்டுக்குள் வேலையை விடுவதில் போய் முடியும். உங்கள் சம்பளம் நின்றால் கடன் தவணைக் கணக்கே கவிழ்ந்துவிடும்.

உங்கள் கணவருக்கும் அந்த 45 நிமிடம் சென்ட்ரல் நடைமேடை வரைக்கும்தான். அங்கே இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா ஸ்டேஷனுக்கு நடந்து, தாம்பரம் வண்டி பிடித்து, எழும்பூர், சேத்துப்பட்டு தாண்டி நுங்கம்பாக்கம். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநின்றவூர் மோசமான ஊர் அல்ல. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பெரம்பூரிலோ வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அருமையான ஊர். உங்கள் இருவருக்கும் அது பொருந்தவில்லை.

தெற்குத் தடத்தில் நிலைமை வேறு. கூடுவாஞ்சேரியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு நேர் வண்டி, ஏறக்குறைய ஒரு மணி நேரம். உங்களுக்குச் சிறுசேரி 30 கிலோமீட்டர் சொச்சம். வண்டலூரிலிருந்து என்றால் அதுவும் குறையும். உங்கள் நிறுவனத்தின் வண்டி வண்டலூர் சந்திப்பில் ஆள் ஏற்றுகிறதா என்று போக்குவரத்துப் பிரிவில் முதலில் கேளுங்கள். ஏற்றுகிறது என்றால் ஊர் பாதி முடிவான மாதிரி.

ஆனால் தெற்குத் தடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் வண்டிகளில் பெரும்பங்கு தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போவது குறைவு. 'இந்த ஸ்டேஷனில் தினமும் இத்தனை ரயில் நிற்கிறது' என்று சொல்லும் எண்ணைப் பார்க்காதீர்கள். கால அட்டவணையை எடுத்து, மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை நுங்கம்பாக்கத்தில் நின்று கூடுவாஞ்சேரி போகும் வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். இரண்டு வண்டிக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி எவ்வளவு, கடைசி வண்டி எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி. காலையில் கூடுவாஞ்சேரியில் உட்கார இடம் கிடைக்கலாம். மாலையில் நடுவழியில் ஏறுபவருக்குத் தாம்பரம் வரை நிற்கத்தான் வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. மின்சார ரயிலின் கட்டணம் சாதாரண வண்டியைவிடப் பல மடங்கு என்பதால் அதை மாதச் செலவில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பேருந்து முனையத்தைக் காட்டித்தான் அந்த வட்டாரத்து மனை விற்பனை நடக்கிறது. வெளியூர்ப் பஸ் பிடிக்க அது வசதி; தினசரி நுங்கம்பாக்கம் போகிறவருக்கு அதனால் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களில் தாம்பரம், செங்கல்பட்டு வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் நகரவே முடியாது என்பது தனிக் கதை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரும் என்பது திட்டம். வந்தால் சந்தோஷம். வரப்போவதற்கு இன்றைக்கே சதுர அடிக்கு ஐந்நூறு கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

நாலு கிலோமீட்டரின் விலை

உள்ளே தள்ளி வாங்கினால் ஐந்தாறு லட்சம் மிச்சம் என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ 100 ரூபாய் என்று வையுங்கள். போகவர 200, மாதம் 25 நாளுக்கு 5,000. எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை. அந்த 5,000 ரூபாயில் 5.76 லட்சம் கடன் கட்டலாம். மிச்சம் என்று நினைத்தது அங்கேயே தீர்ந்தது. இது ஒருவருக்கு மட்டும் போட்ட கணக்கு. ஸ்கூட்டர் வாங்கினால் குறையும், ஆனால் ஸ்டேஷன் வண்டி நிறுத்தக் கட்டணம், மழை நாள், ராத்திரி பத்து மணிக்கு விளக்கில்லாத ரோடு எல்லாம் இருக்கின்றன. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு 15 நிமிட நடையில் சின்ன வீடு, நாலு கிலோமீட்டர் தள்ளிய பெரிய மனையைவிட உங்களுக்கு நல்லது.

அந்த மனையை ஏன் விடச் சொல்கிறேன்

தூரத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். காகிதத்தைச் சகிக்க முடியாது.

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.; ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்துக்கு அந்த மதிப்பு இல்லை. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி அனுமதியற்ற மனையைச் சார்பதிவாளர் பதியக் கூடாது. முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனைக்கு மட்டும் விலக்கு உண்டு. எல்.ஆர்.எஸ். என்று புரோக்கர் சொல்வது 2017-ல் வந்த, அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளை. அதன் எல்லைத் தேதி 2016 அக்டோபர் 20. அதற்குள் விற்பனையான மனைகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும்தான் அந்த வழி. விண்ணப்பிக்கும் கெடுவை அரசு பலமுறை நீட்டித்தது. எல்லைத் தேதியை நீட்டிக்கவில்லை. உங்களுக்குக் காட்டிய மனைகள் பிரிக்கப்பட்டதே 2019-ல். எவ்வளவு கட்டணம் கட்டினாலும் அந்தக் கதவு திறக்காது.

இப்போது 'சென்ட் கணக்கு' ஏன் என்று புரியும். 1,200 சதுர அடி என்பது 2.75 சென்ட். பத்திரத்தில் 'மனை' என்ற சொல்லே வராமல், புஞ்சை நிலத்தில் 2.75 சென்ட் என்று எழுதுவார்கள். நாலெல்லையில் 20 அடி ரோடு என்பதற்குப் பதில் 'பொது வழித்தடம்' என்று இருக்கும். பதிவானாலும் உங்களிடம் இருப்பது விவசாய நிலத்தில் ஒரு துண்டு. அதில் கட்டட அனுமதி வாங்க முடியாது, அனுமதி இல்லாமல் வங்கி வீட்டுக் கடன் வராது, மின் இணைப்பையும் குடிநீர் இணைப்பையும் மறுக்க விதியில் இடமுண்டு. விற்கும்போது உங்களைப் போல விவரம் தெரியாத இன்னொருவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் போனால் அந்த மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவிலும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதே 2016 ரெரா சட்டத்தின் மூன்றாம் பிரிவுக்கு விரோதம். அதில் விற்றுக்கொடுக்கும் முகவருக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். கேட்டுப் பாருங்கள்; பேச்சு எப்படி மாறுகிறது என்று தெரியும்.

எந்த இடமானாலும் பார்க்க வேண்டியவை

வேறு மனையோ வீடோ பார்க்கும்போது முதலில் சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதி வாங்குங்கள். அதைத் தரத் தயங்குகிறவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். அடமானம் மட்டுமல்ல, பவர் பத்திரம், அதன் ரத்து, பாகப்பிரிவினை, கிரய ஒப்பந்தம் எல்லாம் அதில் வரிசையாக வரும். பவரை வைத்து விற்கிறார் என்றால் பவர் எழுதிக்கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பது முக்கியம். அவர் இறந்த அன்றே அந்தப் பவர் செத்துவிடும். பவர் பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்து 'இதுவே கிரயம் மாதிரிதான்' என்றால், அதனால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டாவோடு நிற்காமல் 'அ' பதிவேட்டையும் எடுங்கள். நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), புறம்போக்கா, கோயில் நிலமா என்று அங்கேதான் தெரியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கும் பஞ்சமி நில ஏற்பாடு, அந்த மாவட்டக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் தொடங்கியது. அப்படிப்பட்ட நிலம் கைமாறி, மனையாகி, பட்டாவும் மாறியிருந்தாலும் நிபந்தனை போகாது. பிற சமூகத்தார் வாங்கிய கிரயம் செல்லாது. வில்லங்கச் சான்றில் இது தெரியவே தெரியாது.

பிறகு புலப்படம், அதாவது நில அளவை வரைபடம். சர்வே எண்ணுக்குள்ளேயோ ஓரத்திலோ ஓடை, வாய்க்கால் கோடு போகிறதா பாருங்கள். அடையாற்றுக்கு நீர் வரும் வழியில்தான் ஆதனூர், மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் எல்லாம் இருக்கின்றன; 2015 டிசம்பரில் இந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று நினைவிருக்கும். வெள்ளம் வந்ததா என்று விற்பவரைக் கேட்டுப் பயனில்லை. தெருவில் நடந்து, மின் மீட்டர்ப் பெட்டியை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், வாசற்படிக்குக் குறுக்கே செங்கல் வைத்துப் பூசியிருக்கிறார்களா, காம்பவுண்டுச் சுவரில் நீர்க்கறை எதுவரை என்று பாருங்கள். பக்கத்து ஏரியின் கலங்கல் எங்கே, அங்கிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். தெருக்கோடி மளிகைக் கடையில் 2015-லும் 2023-லும் எத்தனை நாள் கடை மூடியிருந்தது என்று கேளுங்கள். அப்படியே லாரித் தண்ணீர் என்ன விலை, கழிவுநீர்த் தொட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

வங்கி கடன் தந்தால் பத்திரம் சுத்தமா? பாதிதான் சரி. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. அவர் கருத்தை வைத்து நீங்கள் யாரையும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் இரண்டு தேசிய வங்கிகள் மறுத்த சொத்தைத் தனியார் நிதி நிறுவனம் கூடுதல் வட்டிக்குத் தர முன்வந்தால், அதுவே உங்களுக்கு எச்சரிக்கை.

ஃபிளாட்டுக்கு எவ்வளவு ஆகும்

திருநின்றவூர் வேண்டாம் என்றாலும், தெற்குத் தடத்தில் இதே விலையில் ஃபிளாட் பார்ப்பீர்கள் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முத்திரை, பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். 44 லட்சத்துக்குக் கடன் 35.2 லட்சம், கைப்பணம் 8.8 லட்சம், மாதத் தவணை சுமார் 30,550. முதல் விற்பனையாக வரும் புதிய ஃபிளாட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம், அது 2.64 லட்சம். பழைய ஃபிளாட்டை மறுவிற்பனையில் வாங்கினாலோ, மனை வாங்கினாலோ 9 சதவீதம்.

கட்டிமுடித்த சான்று வாங்காத ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. மொத்த விலை 45 லட்சத்துக்குள்ளும், உள்பரப்பு (கார்பெட் ஏரியா) சென்னை மாநகரப் பகுதியில் 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் ஒரு சதவீதம், இல்லாவிட்டால் ஐந்து. இங்கேதான் அந்த 2 லட்சம் கார் நிறுத்தம் இடிக்கிறது. அந்தத் தொகையும் மொத்த விலையில் சேரும். 44 லட்சத்துக்கு 44,000 என்று நினைத்திருப்பீர்கள்; 46 லட்சமானதும் 2.3 லட்சம். உங்களிடம் கார் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

விளம்பரத்தில் போடும் சதுர அடி வேறு, உள்பரப்பு வேறு. ரெரா சட்டப்படி உள்பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. உங்கள் பங்குக்கு வரும் பிரிக்கப்படாத நிலம் எத்தனை சதுர அடி, ஒப்படைக்கும் தேதி என்ன என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தேதி தவறினால் வட்டி கேட்கவோ, பணத்தைத் திருப்பிக் கேட்கவோ 18-ஆம் பிரிவு உரிமை தருகிறது. உரிமை இருக்கிறது; ஆனால் அதை வாங்கும் வரை வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டுவது நீங்கள்தான். 92,000 சம்பளத்தில் அது கடினம். ஆகவே கட்டி முடித்த, சான்று வாங்கிய வீடாகப் பாருங்கள்.

பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் உண்டு. ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும். நீங்கள் பார்த்த இரண்டுக்குமே வராது. 'மதிப்பைக் குறைத்து எழுதிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். குறைத்து எழுதிய மீதிப் பணத்துக்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது. சலுகை இல்லாவிட்டாலும் சொத்தை இருவர் பெயரிலும் வாங்குங்கள். தவணையில் உங்கள் சம்பளமும் போகிறது.

என் யோசனை

இந்த ஆண்டு எதையும் வாங்காதீர்கள். மகளைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தை ஒட்டி, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் 11 மாதத்துக்கு வாடகைக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை அங்கேயே பார்த்துவிடுவீர்கள். இருவரின் பயணமும் உடம்புக்கு ஒத்துவருகிறதா, மாமியாரால் தெருவில் நடக்க முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். வாடகைக்குக் கொட்டுவதாக இதை நினைக்க வேண்டாம். தவறான இடத்தில் வாங்கி விற்றால் முத்திரை, பதிவுச் செலவு மட்டுமே ஓராண்டு வாடகை அளவுக்குப் போகும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். 2017 வாடகைச் சட்டப்படி பொதுவாக முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்பது பழக்கமாக இருக்கிறது. சட்டத்தைச் சொன்னால் பேரத்துக்காவது உதவும்.

அந்த ஒரு லட்சம்

'டோக்கன் திரும்பாது' என்பது புரோக்கர் சொல்லும் சட்டம். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு, சொத்தின் குறைபாடுகளை வெளிப்படுத்துவதையும் கேட்ட ஆவணங்களைக் காட்டுவதையும் விற்பவரின் கடமையாக வைத்திருக்கிறது. அனுமதி இல்லாத மனையை அனுமதி உள்ளதாகச் சொல்லிப் பணம் வாங்கினார் என்பதுதான் உங்கள் வழக்கு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் ஒரு பக்க ஒப்பந்தம் பதிவாகாததால், அதை வைத்து விற்பவர் உங்களை மிரட்டும் அளவுக்குப் பலம் இல்லை. பணம் கொடுத்ததற்கு ஆதாரமாக மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இனி போனில் பேசாதீர்கள். விற்பவருக்கு உங்கள் கணவர் கையெழுத்தில் ஒரு கடிதம்: டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அனுமதி எண், ரெரா எண், பவர் பத்திர நகல், பவர் கொடுத்தவரின் உயிர்ச் சான்று, 30 ஆண்டு வில்லங்கம் ஆகியவற்றை 15 நாளில் தர வேண்டும். தராவிட்டால் ஒப்பந்தம் ரத்து, ஒரு லட்சத்தை இந்த வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். இதை ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, அதே நகலை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நில உரிமையாளருக்கும் ஒரு நகல் போகட்டும். பவர் வாங்கியவர் அவர் பெயரில் என்ன செய்கிறார் என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. பணம் ரொக்கமாகப் போயிருந்தால், வாங்கிக்கொண்டதைப் பணம் வாங்கியவர் ஒப்புக்கொள்ளும் ஒரு செய்தியாவது கடிதத்துக்கு முன் கையில் இருக்க வேண்டும். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் நோட்டீஸ், ரெராவில் புகார், உரிமையியல் வழக்கு என்று வழிகள் உண்டு. வழக்குக்கு மூன்று ஆண்டு காலவரம்பு இருக்கிறது, ஆனால் அந்த மனைகள் விற்றுத் தீரும் முன்பே கடிதம் போய்ச் சேருவது நல்லது. விற்பனை நடந்துகொண்டிருக்கும்போது புகார் எழுவதை எந்தப் புரோக்கரும் விரும்ப மாட்டார்.